மூணு வெள்ளை டப்பா

"எந்த டப்பா?" டீச்சர் கேட்டாள்.

"வெள்ளை டப்பா."

"வெள்ளை டப்பா மூணு இருக்கு."

வியாகுலம் அலமாரியைப் பார்த்தான். மூன்று இருந்தன. மூன்றும் ஐந்து லிட்டர். மூன்றுக்கும் நீல மூடி. மூன்றிலும் எண்ணெய் பாதிக்குக் கீழே கிடந்தது.

"நடுவுல உள்ளது," என்றான்.

அது பொய். அவனுக்குத் தெரியவில்லை.

"காலையில நடுவுல இருந்ததா, இப்ப நடுவுல இருக்கிறதா?"

அவனுக்குக் காலையில் புனலைத் தேடும்போது மூன்றையும் கீழே இறக்கியது ஞாபகம் வந்தது. திரும்ப ஏற்றியதும் ஞாபகம் வந்தது. எந்த வரிசையில் ஏற்றினோம் என்பது மட்டும் வரவில்லை.

மணி பன்னிரண்டரை. இவற்றில் ஒன்றிலிருந்து அவன் ஊற்றிய எண்ணெயை வயிற்றில் வைத்துக்கொண்டு மெட்டில்டாவின் படகு காலை ஆறு மணிக்கே கடல்பாசி எடுக்கப் போய்விட்டது. படகில் பதினோரு பெண்கள். எஞ்சின் பிடிப்பது மெட்டில்டா. மெட்டில்டா வியாகுலத்தின் மனைவி.

இதை நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. பயம் அதுதான்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ஜெசிந்தா, மெக்கானிக். கடற்கரையில் தகரக் கொட்டகை போட்டு, படகுக்குப் பின்னால் மாட்டுகிற எஞ்சின்களைப் பழுது பார்ப்பவள். வயது இருபத்தெட்டு. வியாகுலத்துக்கு நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருஷம் சங்கு குளித்தவன். ஒருநாள் ஆழத்தில் வலது காதுச் சவ்வு கிழிந்தது. இனி முங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்கு மாதத்துக்கு முன்னால் கொட்டகை வாசலில் வந்து நின்று, "எனக்குத் தொழில் சொல்லித் தாங்க, டீச்சர்" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் அவனை அண்ணே என்பாள். வேலையில் தப்பு செய்தாலும் அண்ணேதான்.

"மூணு டப்பாவுலயும் பேர் எழுதி வைக்கச் சொன்னேன்ல, அண்ணே?"

"சொன்னீங்க."

"எழுதுனீங்களா?"

"வரிசை ஞாபகம் இருந்துச்சு, டீச்சர். கடலுக்கு அடியில எழுதி வச்சா சங்கு எடுத்தேன்? எல்லாம் ஞாபகம்தான்."

"சங்கு எடம் மாறாது."

அவள் மூன்று டப்பாவையும் இறக்கி வரிசையாக வைத்தாள். தனித்தனி டிரம்மில் வாங்கிய மூன்று வகை எண்ணெயை முந்தாநாள்தான் வியாகுலம் இவற்றில் பிரித்து ஊற்றியிருந்தான். ஒன்று பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு. பெட்ரோலோடு கலந்து விடுவார்கள், எரிந்து போய்விடும். இன்னொன்று பைக்குக்குப் போடுகிற எண்ணெய். மூன்றாவது, கடலில் ஓடுகிற ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்றே வருவது. அது எரியாது. எஞ்சினுக்குள்ளேயே கிடந்து சுற்றும். மெட்டில்டாவின் எஞ்சின் ஃபோர்-ஸ்ட்ரோக்.

"டூ-ஸ்ட்ரோக் எண்ணெயை அதுல ஊத்தியிருந்தா என்ன ஆகும்?" வியாகுலம் கேட்டான். அவனுக்கே தெரியும். வேறு பதில் வருமா என்று பார்த்தான்.

"பூட்டு போட்ட மாதிரி இறுகிரும்."

"எவ்வளவு நேரத்துல?"

"ஓட்டுறதைப் பொறுத்து."

அவன் போனை எடுத்தான். மெட்டில்டாவை அழைத்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. காலையிலிருந்து பதினேழாவது தடவை.

"நான் வந்ததும் மாத்தலாம்னுதானே சொல்லிட்டுப் போனேன்?" டீச்சர் பஸ்ஸிலிருந்து கொண்டு வந்த பையைத் தோளிலிருந்துகூட இன்னும் இறக்கவில்லை. தூத்துக்குடிக்கு முதல் பஸ்ஸில் சாமான் வாங்கப் போயிருந்தாள்.

"உங்களுக்கு வேலை மிச்சமாகட்டும்னு..."

அதுவும் பொய். "நாலு மாசமா போல்ட்டுத்தான் தொடைக்கிறீரு" என்று மெட்டில்டா முந்தின நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சிரித்திருந்தாள். அதற்காகத்தான் விடிவதற்கு முன் கரைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் எண்ணெய் மாற்றினான். மத்தியானம் அவள் திரும்பி வந்ததும் அலட்சியமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வசனம்கூட வைத்திருந்தான்.

"டீச்சர், ஆளை அனுப்பலாமா? வேற போட்டு எடுத்துக்கிட்டு?"

"கரையில போட்டு இருக்கா?"

இல்லை. எல்லாப் படகுகளும் தொழிலுக்குப் போயிருந்தன. கரையில் ஓட்டை விழுந்த ஒன்றும், கோழி அடைக்கிற ஒன்றும்தான் கிடந்தன.

"கம்பியை எதுல தொடைச்சீங்க?"

"எந்தக் கம்பி?"

"எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு பார்க்கிற அளவுக் கம்பி. உருவிப் பார்த்தீங்கல்ல? எதுல தொடைச்சீங்க?"

வியாகுலம் குனிந்தான். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத்தான் பார்த்தான்.

"காட்டுங்க."

"டீச்சர்..."

"ஓரத்தைத்தான் காட்டச் சொன்னேன். பயப்படாதீங்க."

அவன் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தான். அவள் அதை வாசலுக்கு இழுத்து வெயிலில் பார்த்தாள். அவனும் கூடவே இழுபட்டு வந்தான். தெருவில் போனவர் ஒருவர் நின்று, "என்ன வியாகுலம், சாரம் ஏலம் போகுதா?" என்றார். வியாகுலம் இடுப்பு முடிச்சைப் பிடித்துக்கொண்டான்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு கோடு. ஒன்று கறுப்பு, பழைய எண்ணெய். இன்னொன்று தேன் நிறம்.

அவள் மூன்று டப்பாவையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு தாளை முக்கினாள். ஒரு தாளில் நீலம் ஏறியது. மற்ற இரண்டிலும் தேன் நிறம்.

"நீலம் டூ-ஸ்ட்ரோக். அது இல்லை."

வியாகுலத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கக்கூடச் செய்தான்.

"அப்ப மிச்சம் ரெண்டு. பைக் எண்ணெய், இல்லாட்டி சரியான எண்ணெய். பைக் எண்ணெயே போயிருந்தாலும் ஃபோர்-ஸ்ட்ரோக்தானே, டீச்சர்? ரோட்டுல ஓடுறது கடல்ல ஓடாதா?"

அவள் ஜன்னல் மேலே இருந்த இரண்டு ஊறுகாய் பாட்டில்களை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

அந்த பாட்டில்களை அவன் தினமும் துடைத்திருக்கிறான். "டீச்சர் ஊறுகா போட்டிருக்காங்க, யாருக்கும் குடுக்க மாட்டாங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். உள்ளே என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது பார்த்தான். இரண்டிலும் எண்ணெய், அடியில் கொஞ்சம் கடல் தண்ணீர், அதில் ஒரு ஆணி. ஒரு ஆணி வாங்கியபடியே இருந்தது. இன்னொன்று துருவேறிப் பொரிந்து போயிருந்தது.

"துரு பிடிச்சது பைக் எண்ணெயா?"

"ஆமா."

"எத்தனை நாள்?"

"ஆறு மாசம்."

"அப்ப இன்னைக்கு ஒண்ணும் ஆகாது."

"இதனால ஆகாது."

"பின்னே எதனால?"

"எண்ணெய் மாத்தும்போது போட்டு எங்க கிடந்துச்சு?"

"மணல்ல."

"எஞ்சின்?"

"தூக்கி மாட்டியிருந்துச்சு. மணல்ல எப்படி இறக்குறது? அடியில உள்ள ஃபேன் இடிக்குமே."

"தூக்கின மேனிக்கே பழசை வடிச்சீங்க. தூக்கின மேனிக்கே கம்பியைப் பார்த்தீங்க."

"ஆமா. கம்பியில கம்மியாக் காட்டுச்சு. இன்னும் கொஞ்சம் ஊத்தினேன். அப்பவும் கம்மி. இன்னும் கொஞ்சம்."

"நான் எண்ணெய் மாத்துறதை எத்தனை தடவை பார்த்திருக்கீங்க?"

"ஒரு பத்துத் தடவை."

"ஒவ்வொரு தடவையும் போட்டை முழங்கால் தண்ணிக்குத் தள்ளச் சொல்வேன்ல? எதுக்குன்னு நினைச்சீங்க?"

வியாகுலம் யோசித்தான். "கால் கழுவ," என்றான்.

இது பொய் இல்லை. அவன் அப்படித்தான் நினைத்திருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "எஞ்சின் நெட்டுக்குத்தா நின்னாத்தான் பழசு முழுசா வடியும். கம்பியும் உண்மையைச் சொல்லும். நீங்க பழசுல பாதியை உள்ளேயே விட்டுட்டு, புதுசை முழுசா ஊத்தியிருக்கீங்க. அதுக்கு மேலயும் ஊத்தியிருக்கீங்க."

"கூடுதலா இருந்தா நல்லதுதானே? கொறையாதுல்ல?"

"அண்ணே, ஆழத்துல இருக்கும்போது உங்க காத்து ட்யூப்புல கூடுதலா காத்து அடிச்சா நல்லதா? எஞ்சினும் அப்படித்தான், மூச்சு முட்டி நின்னுரும்."

அவன் கை தானாக வலது காதுக்குப் போனது.

கரைக்கு ஓடினான். அவள் பின்னாலேயே நடந்து வந்தாள்.

கச்சான் காற்று ஏறியிருந்தது. தூரத்தில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. பாசிக்காரப் படகுகள் ஒரு மணிக்கெல்லாம் திரும்பிவிடும், காற்று இதைவிடக் கூடினால் அதற்கும் முன்பே. அடியில் பாறையாகப் பார் கிடக்கிற இடத்தில் எஞ்சின் நின்றால் நங்கூரம் பிடிக்காது. எங்கே இழுக்குமோ அங்கே போக வேண்டியதுதான். இதெல்லாம் வியாகுலத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாமல் இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பான்.

அவன் இடது காதைக் கடலுக்குக் காட்டித் திரும்பி நின்றான். அது நல்ல காது.

"கேக்குதா?"

"காத்துதான் கேக்குது."

ஒரு மணி ஆனது. ஒரு படகு வந்தது. வேறு ஊர்ப் படகு. இன்னொன்று வந்தது. அதுவும் இல்லை.

"டீச்சர், அவளுக்கு எதுவும் ஆகி..."

"நில்லுங்க. கேளுங்க."

ஒன்றே கால். அவன் கையை உயர்த்தினான்.

"அவ எஞ்சின்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்." பிறகு அவன் முகம் மாறியது. "நின்னுபோச்சு."

வியாகுலம் உதட்டை அசைத்து எதையோ எண்ணினான். தண்ணீருக்குள் மூச்சை எண்ணுகிற பழக்கம் அது. நூற்றுப் பத்து வரை எண்ணினான்.

"திரும்ப ஓடுது," என்றான். "ரொம்ப மெதுவா."

அரை மணி நேரம் கழித்துத்தான் படகு கண்ணுக்குத் தெரிந்தது. நடந்து வருகிற மாதிரி வந்தது. பின்னால் லேசாகப் புகை. பதினோரு தலையையும் அவன் எண்ணினான். எண்ணி முடித்து இன்னொரு தடவை எண்ணினான்.

மெட்டில்டா இடுப்பளவு தண்ணீரிலேயே குதித்து இறங்கினாள். அவள் வாயைச் சுற்றி, தாடையில், கழுத்தில் எல்லாம் கறுப்பு எண்ணெய். கடல் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்துத் துப்பினாள். நேராக டீச்சரிடம் வந்தாள்.

"ஏட்டி ஜெசிந்தா! கண்ணை எங்கடி வச்சுக்கிட்டு ஊத்துன?"

டீச்சர் படகின் எஞ்சினைப் பார்த்தாள்.

"பாருக்குப் போறதுக்குள்ள புகைன்னா புகை, கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி. பாதிப் பொம்பளைங்க வாந்தி. கம்பியை உருவிப் பாத்தா, மேல்கோட்டுக்கு மேல ரெண்டு விரக்கடை நிக்குது. போட்டுல கிடந்த சலைன் ட்யூபை உள்ள விட்டு வாயாலயே உறிஞ்சி எடுத்தேன். எம்புட்டு உறிஞ்சினேன் தெரியுமா? முக்காச் செம்புக்குக் கொறையாது. வர்ற வழியில திரும்பப் புகைஞ்சுச்சு, நிப்பாட்டித் திரும்ப உறிஞ்சினேன். நாக்கெல்லாம் மரத்துப்போச்சு."

"அக்கா..."

"பேசாத. ஐடிஐ படிச்சவளாச்சேன்னு பதினோரு உசுரை நம்பி ஏத்திட்டுப் போறேன். பைபர் போட்டுல ஒத்த எஞ்சின். அது நின்னா எங்களைச் சிலோன்லதான் வந்து பாக்கணும். எண்ணெய் அளவு தெரியாதவளுக்கு எதுக்குடி ஒரு கொட்டகை?"

படகிலிருந்து இறங்கிய பெண்கள் பாசி மூட்டையோடு நின்று கேட்டார்கள். அவர்களில் நான்கு பேர் வீட்டு எஞ்சின்களும் அந்தக் கொட்டகைக்குத்தான் வரும்.

வியாகுலம் மெட்டில்டாவின் வலது பக்கம் நின்றான். அவன் நல்ல காது அவள் பக்கம் இருந்தது. எல்லாம் கேட்டது.

"நாளையிலேர்ந்து எஞ்சினை வேற ஆளுகிட்டக் கொண்டு போறேன்," என்றாள் மெட்டில்டா. "இவளுகளும் கொண்டு போவாளுக."

"சரிக்கா," என்றாள் டீச்சர். "இன்னைக்கு எண்ணெயைச் சரியா மாத்தித் தந்துர்றேன். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

மெட்டில்டா இன்னொரு தடவை துப்பினாள். புருஷனைப் பார்த்தாள். "நீரு ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீரு? அவகூடப் போய்ப் பாரும். கொஞ்சமாச்சும் கத்துக்கிடும்."

அவன் போனான்.

படகை முழங்கால் தண்ணீரில் நிறுத்தினார்கள். டீச்சர் எஞ்சினை இறக்கினாள். அது நேராக நின்றது. அடியில் தகர டின்னைப் பிடித்து எண்ணெயை வடித்தாள். கறுப்பாகவும் இல்லாமல் தேனாகவும் இல்லாமல் வந்தது. கடைசிச் சொட்டு வரை விட்டாள். ரொம்ப நேரம் ஆனது. அவள் அவசரப்படவில்லை.

"எந்த எண்ணெய்னு இதுல தெரியுமா?" வியாகுலம் மெல்லக் கேட்டான்.

"பழசோட கலந்துருச்சு. இனித் தெரியாது."

பஸ்ஸில் கொண்டு வந்த பையிலிருந்து சீல் உடைக்காத டப்பா ஒன்றை எடுத்தாள். எஞ்சின் மூடியில் எழுதியிருந்த நம்பரையும் டப்பாவில் எழுதியிருந்த நம்பரையும் அவனை வாசிக்கச் சொன்னாள். வாசித்தான். ஒன்றாக இருந்தது. ஊற்றினாள். பொறுத்தாள். கம்பியை உருவி, துணியில் துடைத்து, திரும்ப விட்டு, திரும்ப உருவிக் காட்டினாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது.

"நீங்க ஏன் சொல்லலை, டீச்சர்?"

"எதை?"

"நான்தான் ஊத்தினேன்னு."

"நான் காலையில இங்க இல்லையே, அண்ணே. இருந்தவங்கதான் சொல்லணும்."

அவன் தகர டின்னை எடுத்துப் படகில் வைத்தான்.

"இனி இந்தத் தப்பு வராது. ஒரேயடியாச் சொல்லிருங்க, டீச்சர். அந்த எஞ்சினுக்கு எது சரியான எண்ணெய்?"

அவள் டப்பாவை மூடினாள். கால்வாசி மிச்சம் இருந்தது. அவன் கையில் கொடுத்தாள்.

"இதைக் கொண்டுபோய் அக்கா கையில குடுங்க. இப்ப உள்ள இருக்கிறது இதுதான்னு சொல்லுங்க. காலையில எது இருந்துச்சுன்னும் சொல்லுங்க."

"காலையில எது இருந்துச்சுன்னு எனக்கே தெரியாதே."

"அதைச் சொல்லுங்க."

அவன் டப்பாவோடு கரையேறினான்.

மெட்டில்டா மணலில் வலையை விரித்து, ஈரப் பாசியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது அடி தூரம் இருக்கும். வியாகுலம் நடந்து போய் அவள் முன்னால் நின்றான். இடது காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டான். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

அவள் நிமிர்ந்தாள். "என்ன?"

"சும்மா."

"சும்மான்னா தள்ளி நில்லும். பாசி காயணும், வெயிலை மறைக்கிறீரு."

அவன் தள்ளி நின்றான்.

"சாரத்துல என்னய்யா கறை அது?"

வியாகுலம் குனிந்து பார்த்தான். தேன் நிறக் கோடு வெயிலில் மினுங்கியது. அவன் டப்பாவைக் கீழே வைத்தான். சாரத்தைத் தூக்கி மடித்துக் கட்டினான். கறை உள்ளே போய்விட்டது. பிறகு டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.